பழைய நாயனத்தின் வயதும் பெறுமதியும்

எமது சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், உலகெங்கும் வாழும் எம் சகோதரிகளின் வீடுகளிலுள்ள பழம்பொருள் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறோம். அது நாதஸ்வரம், எம் வீட்டுப் பேச்சில் நாயனம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் திருவிழாவிலும், செட்டியார் தெருக் கதிரேசன் கோவில்களின் ஆடிவேல் ஊர்வலத்திலும் அதைக் கேட்டே கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் வெள்ளவத்தைப் பிள்ளைகளும் வளர்ந்தோம்.

வயதறிய முதலில் நீளத்தையும் சுருதியையும் பார்க்க வேண்டும். குட்டையாய், 4, 5 கட்டையில் ஒலிப்பது திமிரி. நீண்டு, 2 அல்லது 2½ கட்டையில் தாழ்ந்து ஒலிப்பது பாரி. இன்றைய பாரியின் அமைப்பு, டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி திருத்திச் செய்தது. ஆகவே அவ்வமைப்பில் உள்ளது அவர்கள் காலத்துக்கு முந்தியதாகாது. திமிரி முந்தியதாகலாம், ஆனால் பின்னரும் செய்யப்பட்டதால் அது மட்டும் சான்றாகாது.

மரம் இன்னும் ஏமாற்றும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளைப் பிரிக்கையில் கிடைக்கும், நன்கு காய்ந்த ஆச்சா மரத்தையே ஆசாரிமார் விரும்பினர். எனவே மரத்தின் வயது வேறு, வாத்தியத்தின் வயது வேறு. சீவாளியும் கெண்டையும் அடிக்கடி மாற்றப்படுவன, அணைசும் மாற்றப்பட்டிருக்கலாம். உலவே சாட்சி. அதன் 7 விரல் துளைகளின் விளிம்புத் தேய்வு நெடுங்கால வாசிப்பைக் காட்டும். கீழேயுள்ள 5 துளைகளில் ஒட்டிய மெழுகு, வாசித்தவர் சுருதி திருத்திய தடயம். அதைச் சுரண்டவோ, உலவை மினுக்கத் தேய்க்கவோ வேண்டாம். உலவில் வெடிப்பிருந்தால் வாசிப்புக்குரிய பெறுமதி குறையும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயர் சொல்லி விற்பவரிடம் ஆதாரம் கேட்பதே முறை.

ஆனால் வாத்தியத்தின் முழுப் பெறுமதி, யார், எந்தக் கோவிலில் வாசித்தார் என்ற செய்தியிலேயே உண்டு. 1983 ஆடியில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது படங்களும் பத்திரங்களும் போயின. தப்பிய நாயனம் இன்று லண்டனிலோ ரொறன்ரோவிலோ அலுமாரியில் கிடக்கலாம். மதுரை பொன்னுத்தாய் போன்ற பெண்கள் வாசித்துப் புகழ்பெற்றாலும், இது பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகவே இருந்தது. அதனால் பெண்மக்களிடம் வாத்தியம் வந்தது; கதை வரவில்லை. கதை போனால், எஞ்சுவது சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளே.

சகோதரிகளே, அறிந்த மூத்தோர் இருக்கையிலேயே கேளுங்கள். வாசித்தவர் பெயர், ஊர், கோவில், வாங்கிய காலம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நாயனத்தின் உறைக்குள் வையுங்கள்.