மையிட்ட விரலும் விரித்த கையும்

மைசூரு நகரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையை நம்மவருள் பலர் அறிவர். அதே நகரின் பன்னிமண்டபப் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையை அறிந்தவர் சிலரே. 1937-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கும் வண்ணப்பூச்சும் செய்யத் தோன்றிய அந்நிறுவனமே, 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் நாட்டின் வாக்குச்சாவடிகளுக்கு அழியாத மை வழங்கி வருகிறது. வெள்ளி நைட்ரேட்டு கலந்த அம்மை ஒளி பட்டதும் தோலிற் கருத்துப் பல நாள் நிற்கும். ஆயினும் மையை இடுவதற்கு ஒரு கை வேண்டும். அக்கைக்குரிய தேர்தல் அலுவலரைப் பற்றியே இங்குச் சிந்திக்கின்றோம்.

இப்பணி தமிழகத்துக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, அதனைச் சபையோர் அனைவரும் காணத் தூக்கிக் காட்டுவர். ஒன்றும் அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று, யாவரும் கேட்க வாசிப்பான். கையில் வேறு ஓலை மறைந்திருக்கவில்லை என்பதற்கே அவ்விரித்த விரல்கள் சான்று. நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே அன்று தகுதி இருந்தது. எனினும் அலுவலரின் கை வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்னும் நெறி அன்றே தோன்றிவிட்டது.

குடியரசின் முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. வாக்காளர் 17 கோடிக்கு மேற்பட்டவர்; அவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எனவே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. பட்டியல் எழுதச் சென்றவரிடம் வடநாட்டுப் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே கூறினர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவ்வாறு பதிதலை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடமின்றிப் போயினர். பெயரின்றேல் வாக்கும் இல்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இன்று பெட்டிக்கு மாறாக இயந்திரம் வந்துளது, நெறி மாறவில்லை. வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அவ்வாக்குகளை அழித்துவிட்டு இயந்திரத்துக்கு முத்திரையிடுவர். ஓர் அலுவலர் பெயரை உரக்கப் படிப்பார். மற்றொருவர் இடக்கைச் சுட்டுவிரலில் மையிடுவார். தம் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டதாக அறியும் வாக்காளரையும் வெறுங்கையுடன் அனுப்புவதில்லை. அவர் உண்மையானவர் எனத் தெளிந்தால், தலைமை அலுவலர் வாக்குச்சீட்டு ஒன்றை அளித்து, வாக்கைத் தனியுறையில் வைப்பார். இறுதியில் பதிவான வாக்குகளின் கணக்கு முகவர்க்கும் தரப்படும்.

பணியின் பொருட்டுத் தம் சாவடியை விட்டு வந்த அலுவலர், தபால் வாக்காலோ பணிச்சான்றாலோ தம் உரிமையைச் செலுத்தலாம். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கு அவ்வழி இல்லை. வெளியூரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022-இல் முன்மொழிந்தது; கட்சிகள் பல ஐயம் எழுப்பின. சட்டமோ, வழக்கமாக வாழும் இடத்திற் பெயர் பதிக என்கிறது. இரண்டு தொகுதிகளிற் பதிவதைத் தடுக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை காணும் ஊரில் பெயரை வைத்துக்கொண்டு, தண்ணீருக்கும் சாலைக்கும் பள்ளிக்கும் நாடோறும் நம்பி வாழும் ஊரிற் குரலின்றி இருத்தல் முறையாகுமா? சொந்த ஊரில் பெயர் நீங்குவது மனத்துக்கு வருத்தமே. எனினும் அதனால் அவ்வூர் நமக்கு அயலூர் ஆகிவிடாது.

ஆதலின் நாம் வாழும் தெருவின் பட்டியலில் நம் பெயரும், நம் வீட்டுப் பெண்டிர் பெயரும், கன்னட எழுத்திலாயினும் இந்தி எழுத்திலாயினும் பிழையின்றி உளவா என முன்னரே பார்த்துக்கொள்வோமாக. சாவடியில் அமர்ந்திருப்பவரின் கை எத்துணைத் தூயதாயினும், பட்டியலில் இல்லாத பெயருக்கு அவர் மையிட இயலாது.