தேவிகா ராணியும் இந்தித் திரையுலகிற் பெண்ணின் நிலையும்

1913இல் தாதாசாகேப் பால்கே உருவாக்கிய 'ராஜா ஹரிச்சந்திரா'வில் அரசி தாராமதியாக நடித்தவர் சலுங்கே என்னும் ஆடவர். நடிப்புத் தொழிலை இழிவெனக் கருதிய அன்றைய சமூகத்தில் அவ்வேடமேற்கப் பெண்ணொருத்தி கிடைத்திலள். பால்கேயின் அடுத்த படமான 'மோகினி பஸ்மாசுர்' இல் துர்காபாய் காமத்தும் அவர்தம் மகள் கமலாபாயும் நடித்து அத்தடையைத் தகர்த்தனர். எனினும், திரையில் தோன்றும் உரிமையும் திரைத்தொழிலை நடத்தும் உரிமையும் ஒன்றல்ல.

பின்னதை எய்திய மிகச் சிலருள் தேவிகா ராணி குறிப்பிடத்தக்கவர். 1934இல் கணவர் ஹிமான்சு ராயுடன் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த இவர், 'அச்சூத் கன்யா'வில் (1936) தீண்டாமைக்குள்ளான பெண்ணாக நடித்துப் புகழெய்தினார். 1940இல் ராய் மறைந்தபின் நிறுவனப் பொறுப்பையும் ஏற்றார். 1943இல் சசாதர் முகர்ஜி, அசோக் குமார் முதலியோர் பிரிந்து பில்மிஸ்தானை நிறுவினர். அதன் பின்னரும் படத்தயாரிப்பு நின்றுவிடவில்லை. 1944இல் 'ஜ்வார் பாட்டா' வாயிலாகத் திலீப் குமார் அறிமுகமானார். 1945இல் தேவிகா ராணி திரையுலகினின்றும் விலகினார்.

1969ஆம் ஆண்டுக்கான முதலாவது தாதாசாகேப் பால்கே விருது அவருக்கே வழங்கப்பட்டது. பெண்பாத்திரத்துக்கு ஆடவரை நாடவேண்டியிருந்த ஒருவரின் பெயராலமைந்த விருதை முதலிற் பெற்றவர் ஒரு பெண் என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஆயினும், அவரது எழில் பேசப்படுமளவுக்கு நிருவாகத்திறன் பேசப்படுவதில்லை. நடிகையை முகமாக மட்டும் நினைவிற்கொள்ளும் வரலாறு பாதி வரலாறேயாகும்.