ஓ.பி. டிக்கெட் போகும் வழி

திருப்பூணித்துறை தாலுகா ஆஸ்பத்திரியோ, கொச்சியின் வேறெந்த அரசு மருத்துவமனையோ, வைத்தியம் ஓ.பி. டிக்கெட்டில்தான் தொடங்கும். கவுண்டரில் பெயரும் வயதும் எழுதித் தந்த அந்தத் தாளை டாக்டரிடமும் லேபுக்கும் பார்மசிக்கும் கொண்டுபோவது நோயாளியின் வேலை. கணினிப் பதிவு இல்லாத இடத்தில், அடுத்த முறை அதை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் புதுத் தாள். போன மாதத்துச் சர்க்கரை அளவும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரும் பழைய தாளிலேயே தங்கிவிடும். 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி வீடுகளுக்குள் புகுந்தபோது தாளை நம்புவதன் ஆபத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே கேரள அரசின் இ-ஹெல்த் திட்டம் தொடங்கியிருந்தது. ஆளுக்கொரு அடையாள எண். அதைச் சொன்னால் பழைய விவரம் டாக்டரின் திரையில் வரும், அவர் எழுதும் மருந்து பார்மசியில் தெரியும். 2020இல் கொரோனா வந்ததும் கொச்சியில் மென்பொருள் தன்னார்வலர்கள் சேர்ந்து 'கேர்' என்ற திறந்தமூல மென்பொருளை உருவாக்கினார்கள். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி, எங்கே ஆக்சிஜன் இருக்கிறது, நோயாளியை எங்கே மாற்றுவது என்பதையெல்லாம் அது காட்டியது. பிறகு, பத்துப் படுக்கைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை அமைக்கும் 'டென் பெட் ஐ.சி.யூ.' திட்டத்தோடு வடகிழக்கு மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் போனது. கொச்சி பெருமைப்பட வேண்டிய காரியம் இது.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாக ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வந்தது. அதில் ஆளுக்கொரு 14 இலக்கச் சுகாதார அடையாள எண், பெயர் ஆபா. நோயாளி சம்மதித்தால்தான் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவை இன்னொன்று பார்க்க முடியும். நல்ல விதி. ஆனால் சம்மதத்துக்கான ஓ.டி.பி. பெரும்பாலும் செல்போனுக்குத்தான் வருகிறது. மகன் வளைகுடாவில் இருக்க, தனியாக ஓ.பி. வரிசையில் நிற்கும் அம்மாவிடம் அந்த போன் இருக்க வேண்டுமே! பதிவு அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

டாக்டரின் பக்கமும் பாருங்கள். வாசலில் கூட்டம் நெரிகிறது. ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அதையும் தட்டச்சு தின்றுவிட்டால் நோயாளியின் முகத்தை எப்போது பார்ப்பது? ஓ.பி. அறைக்கு ஒரு தட்டச்சுப் பணியாளரைப் போடும் செலவை அரசு தயங்காமல் ஏற்க வேண்டும். மருந்து, அளவு, ஒவ்வாமை மூன்றையும் பெரிய எழுத்தில், மலையாளத்திலோ நோயாளிக்குத் தெரிந்த மொழியிலோ அச்சிட்டுக் கையில் கொடுக்கவும் வேண்டும். மட்டாஞ்சேரியில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அது தமிழில் கிடைக்கட்டும்.