கறுப்புக் கோட்டு கத்தரிப்பூ நிறமான கதை

2006 செப்டம்பரில் ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் எம்8 என்ற கேமராவை வெளியிட்டது. விலை கிட்டத்தட்ட 4,800 டாலர், அதுவும் லென்ஸ் இல்லாமல். இரண்டு மாதத்துக்குள் வாங்கியவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை போட்டிருந்தது கறுப்புக் கோட்டு. படத்தில் அது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. செயற்கை இழைத் துணி எதுவானாலும் இதே கூத்துதான்.

விளையாட்டான விஷயமில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் வங்கிகள் லைக்காவுக்குக் கொடுத்திருந்த கடன் வரம்பைக் குறைத்திருந்தன. கம்பெனி மூழ்குமா மிதக்குமா என்ற நிலையில், டிஜிட்டல் காலத்தில் பிழைப்பதற்காக இறக்கிய கேமரா அது. அதில் போய் இப்படி. ஏன் நடந்தது என்று பார்த்தால், அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கேமராவின் பெருமையாக இருந்த ஒன்றே காரணமாக நிற்கிறது.

சற்றே பின்னால் போவோம். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. மேலே ஓரமாக ஒரு தனி ஜன்னல். சற்றுத் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். இரண்டும் ஒரே பொருளை வெவ்வேறு கோணத்தில் பார்க்கின்றன. லென்ஸைத் திருப்பத் திருப்ப, நடுவில் இரண்டாகத் தெரியும் பிம்பம் ஒன்றாகச் சேரும். சேர்ந்தால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். 1932-ல் வந்த லைக்கா II இந்த ஏற்பாட்டை லென்ஸோடு இணைத்தது. 1954-ல் வந்த எம்3, படம் பார்க்கும் ஜன்னலையும் தூரம் அளக்கும் ஜன்னலையும் ஒன்றாக்கியது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தத் தூர அளவீட்டின் துல்லியம் எந்த லென்ஸ் மாட்டியிருந்தாலும் மாறாது. எஸ்.எல்.ஆர். கேமராவில் வைட் லென்ஸ் மாட்டினால் கண்ணாடித் திரையில் எல்லாம் சின்னதாகத் தெரியும். எது ஃபோகஸில் இருக்கிறது, எது இல்லை என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம். ரேஞ்ச்ஃபைண்டருக்கு அந்தக் கவலை இல்லை. 1961-ல் லைட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 35 மி.மீ. சம்மிலக்ஸ் லென்ஸை முழுக்கத் திறந்து, எஃப்/1.4-ல், ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவரைப் படமெடுத்தால் தெளிவாக விழுவது சுமார் 7 சென்டிமீட்டர் ஆழம்தான். மூக்கிலிருந்து காது வரை கூட வராது. மங்கிய விளக்கொளியில் அந்த 7 சென்டிமீட்டரை நம்பிக்கையோடு பிடிக்க அன்றைக்கு ரேஞ்ச்ஃபைண்டரை விட்டால் நல்ல வழி இல்லை.

இன்னொரு சாதகமும் உண்டு. எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டும். நிக்கான் எஃப்-ல் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. லைக்கா எம்-ல் வெறும் 27.8 மி.மீ. ஆகவே வைட் லென்ஸின் பின்பக்கத்தை ஃபிலிமுக்கு மிக அருகே கொண்டுபோய் வைக்கலாம். லென்ஸ் சின்னதாகவும் சுத்தமாகவும் அமையும். நிக்கான் எஃப்-க்கு 1959-ல் வந்த 21 மி.மீ. லென்ஸை மாட்ட வேண்டுமென்றால் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட வேண்டும். அதன்பின் லென்ஸ் வழியாகப் பார்க்கும் வசதியே போய்விடும். (அப்புறம் எதற்கு எஸ்.எல்.ஆர்.?)

லென்ஸ் வழியாகப் பார்க்காததால் வரும் தொல்லை முக்கியமாக ஃபில்டர் விஷயத்தில். சிவப்பு ஃபில்டர் மாட்டினால் வானம் கறுக்கும், ஆனால் ஜன்னலில் எதுவும் தெரியாது. எம்3-ல் உள்ளே ஒளி அளக்கும் மீட்டரும் கிடையாது. மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், சிவப்புக்கு ஏறத்தாழ மூன்று என்று மனக்கணக்குப் போட வேண்டும். மறந்தால் ஃபிலிம் கழுவிய பிறகுதான் தெரியும். போலரைசரைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டுமே? அதற்காக, மேலே மடக்கி வியூஃபைண்டர் முன்னால் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி லென்ஸ் முன்னால் இறக்கும்படி ஒரு போலரைசர் செய்தார்கள். அந்த 1961 சம்மிலக்ஸிலோ ஃபில்டர் திருக மரையே இல்லை. ஹூட்டுக்குள் ஃபில்டரைப் போட்டு மாட்ட வேண்டும். ஆனாலும் ஜனங்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள்.

ஃபிலிமுக்கு ஒளி எந்தக் கோணத்தில் வந்தாலும் பெரிய பிரச்சினை இல்லை. சென்சாருக்கு உண்டு. பின்பக்கம் அவ்வளவு அருகில் இருக்கும் வைட் லென்ஸிலிருந்து மூலைகளுக்குப் போகும் கதிர்கள் மிகவும் சாய்ந்து விழுகின்றன. எம்8-க்கு கோடக் செய்துகொடுத்த சென்சாரில், ஓரங்களுக்குப் போகப் போக நுண் லென்ஸ்களை நகர்த்தி வைத்தார்கள். அது ஒரு பாதி. மறு பாதி, சென்சார் மேல் இருக்கும் கண்ணாடி. அகச்சிவப்பை உறிஞ்ச வேண்டிய அந்தக் கண்ணாடி தடிமனாக இருந்தால் சாய்ந்த கதிர்கள் கெட்டு, மூலைகள் மங்கும். அதனால் அதை 0.5 மி.மீ. அளவுக்கு மெல்லியதாக வைத்தார்கள். படம் கூர்மையாக வந்தது. கூடவே அகச்சிவப்பும் உள்ளே வந்தது. செயற்கைக் கறுப்புத் துணிகள் அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்புபவை. கோட்டின் ரகசியம் அவ்வளவுதான்.

லைக்கா தப்பை ஒப்புக்கொண்டு, எம்8 வாங்கிய ஒவ்வொருவருக்கும் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இரண்டை இலவசமாகக் கொடுத்தது. வியாபாரக் கணக்கில் பார்த்தால் கேமராக்களைத் திரும்பப் பெறுவதைவிட இது எவ்வளவோ மலிவு. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இந்த ஃபில்டர் மெல்லிய பூச்சுகளால் வேலை செய்வது. ஒளி சாய்வாக வந்தால் அது வெட்டும் எல்லை நகர்ந்து, சிவப்பையும் கொஞ்சம் வெட்டிவிடும். ஆக, வைட் லென்ஸில் மூலைகள் பச்சை கலந்த நீலமாயின! போதாக்குறைக்கு எம்8-ன் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது, 35 மி.மீ. லென்ஸ் 47 மி.மீ. போல நடந்துகொள்ளும். பழைய அகலம் வேண்டுமென்றால் இன்னும் வைட் ஆன லென்ஸ் வாங்க வேண்டும். அதில் மூலை இன்னும் மோசம்.

இதற்கு மருந்து, லென்ஸ் வளையத்தில் ஆறு சின்னக் கறுப்பு-வெள்ளைப் புள்ளிகள். அதைப் படித்து எந்த லென்ஸ் என்று தெரிந்துகொண்டு கேமராவே மூலைகளைத் திருத்தும். பழைய லென்ஸுக்குப் புள்ளி வைக்கத் தொழிற்சாலைக்கு அனுப்பிக் காசு கட்ட வேண்டும். பலர் மார்க்கர் பேனாவால் தாங்களே வைத்துக்கொண்டார்கள். வேலையும் செய்தது.

ஃபோகஸ் பெருமையும் லேசாக ஆடிப்போனது. 1994-ன் 35 மி.மீ. சம்மிலக்ஸ் ஆஸ்ஃபெரிக்கல் லென்ஸில், துளையைச் சுருக்கும்போது ஃபோகஸ் கொஞ்சம் பின்னால் நழுவும். ரேஞ்ச்ஃபைண்டர் அதை அறியாது. ஃபிலிம் காலத்தில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்ததும் பிடிபட்டது. 2010-ல் நகரும் கண்ணாடிப் பகுதி வைத்த புதிய வடிவம் வந்தது. 2009-ன் எம்9-ல் கண்ணாடியை 0.8 மி.மீ. ஆக்கி, மாட்டும் ஃபில்டரைத் தேவையில்லாமல் செய்தார்கள். (அந்தக் கண்ணாடி பிறகு அரிக்கத் தொடங்கியது தனிக் கதை.) 2012-ல் அறிவித்த எம்-ல்தான் முதல்முறையாக லென்ஸ் பார்ப்பதைத் திரையில் பார்க்க முடிந்தது.

எம்8-க்கு ஒரு மறுவாழ்வு கிடைத்தது. அகச்சிவப்புப் படம் எடுக்கும் ஆர்வலர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அடைக்கும் கறுப்பு ஃபில்டரை எஸ்.எல்.ஆரில் மாட்டினால் வியூஃபைண்டர் இருண்டுவிடும். எம்8-ல் பக்கத்து ஜன்னல் வழியாகத் தெளிவாகப் பார்த்து, பிம்பத்தைச் சேர்த்து, அகச்சிவப்புக்காக ஃபோகஸைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அழுத்திவிடலாம்.