முத்துக்குப் பெயர் உண்டு, மூழ்கியவருக்கு இல்லை

2011 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு மாலை 1 கோடியே 18 லட்சம் டாலருக்கு விலைபோனது. அது நடிகை எலிசபெத் டெய்லர் அணிந்த மாலை. அதில் தொங்கிய பேரிக்காய் வடிவ முத்தின் பெயர் லா பெரெக்ரினா. ஸ்பானிய மொழியில் 'பயணி' என்றும் 'அபூர்வமானது' என்றும் பொருள் சொல்லலாம்.

இந்த முத்தின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது, அதை வைத்திருந்தவர்களின் பட்டியல்தான். 16ஆம் நூற்றாண்டில் பனாமாவின் முத்துத் தீவுகளில் கிடைத்தது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் போனது. அரசிகள் அணிந்தார்கள். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் போனபார்ட் ஸ்பெயினை விட்டு ஓடும்போது எடுத்துச் சென்றார். பிறகு பிரிட்டனின் அபெர்கார்ன் பிரபுக் குடும்பத்துக்கு வந்தது. 1969இல் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 37,000 டாலருக்கு வாங்கி டெய்லருக்குக் கொடுத்தார். டெய்லரின் நாய்க்குட்டி அதை வாயில் கவ்விய கதைகூடப் பதிவாகியிருக்கிறது. கடலுக்கு அடியிலிருந்து அதை எடுத்தவரின் பெயர் மட்டும் இல்லை.

அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் ஓர் ஆப்பிரிக்க அடிமை. முத்தை எடுத்ததற்காக விடுதலை பெற்றார். அவருடைய எஜமானருக்குப் பனாமாவில் உயர்ந்த பதவி கிடைத்தது. இது உண்மையா என்பதைவிட, இந்தக் கதை ஏன் விரும்பிச் சொல்லப்படுகிறது என்று கேட்போம். பறித்த விடுதலையைத் திருப்பிக் கொடுப்பதைப் பரிசு என்கிறது இந்தக் கதை. முத்து கிடைக்காமல் மூழ்கிக்கொண்டே இருந்த மற்றவர்களைப் பற்றி அது பேசுவதில்லை.

அவர்களுடைய நிலையை அறிய, இன்றைய வெனிசுவேலாவின் குபாகுவா தீவுக்குப் போக வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர்கள் அங்கே பூர்வகுடி மக்களை அடிமைகளாக்கி முத்தெடுத்தார்கள். பகாமாஸ் தீவுகளின் லுகாயர்கள் நன்றாக நீந்துவார்கள் என்பதற்காகவே பிடித்து வந்து விற்கப்பட்டார்கள். விடியலிலிருந்து அந்திவரை மூழ்க வேண்டும். மேலே வந்து மூச்சு வாங்கத் தாமதித்தால் அடி. இரவில் தப்பாமலிருக்கக் காலில் விலங்கு. குளிராலும் மூச்சை அடக்கியதாலும் இரத்தம் கக்கி இறந்தார்கள் என்று லாஸ் காஸாஸ் பாதிரியார் எழுதினார். அவருடைய நூல் 1552இல் அச்சானது. லுகாயர் இனமே அழிந்துபோனது. முத்துப் படுகைகளும் வற்றின.

1542இல் ஸ்பெயின் அரசு 'புதிய சட்டங்கள்' கொண்டுவந்தது. சுதந்திரமான பூர்வகுடியினரை வலுக்கட்டாயமாக முத்துக்குளிக்கவிட்டால் மரண தண்டனை. உயிரிழப்பைத் தடுக்க முடியாவிட்டால் முத்தெடுப்பதையே நிறுத்த வேண்டும் என்றது சட்டம். முத்தெடுப்பு நிற்கவில்லை. ஆப்பிரிக்க அடிமைகள் கடலில் இறக்கப்பட்டார்கள்.

'இது ஸ்பானியர் செய்த கொடுமை, நமக்கென்ன' என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். கொற்கை முத்தைப் பற்றிப் பாண்டியர் பெருமையாகப் பாடம் படித்தவர்கள் நாம். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்தெடுத்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. பாடப்புத்தகப் பெருமையில் அந்தக் கைதிகளுக்கு இடமில்லை.

விலைமதிப்புள்ள பொருள் மேலே வரும். அதற்காக இறங்கியவர் கணக்கில் வரமாட்டார். இன்று நம் ஊர்களில் மூச்சைப் பிடித்து இறங்குகிறவர்கள் முத்துக்காக இறங்குவதில்லை, ஊரின் கழிவுக்காக இறங்குகிறார்கள். இறங்குவது யார் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இறப்புக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. சட்டம் இயற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் அரசை 1542லேயே உலகம் பார்த்துவிட்டது.

மாணவத் தோழர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. வகுப்பில் எந்தச் செல்வத்தின் வரலாற்றைப் படித்தாலும், 'இதற்காக இறங்கியவர் யார்?' என்று எழுந்து கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர்களை, குடும்பத்தாரிடம் கேட்டு, பெயரோடும் ஊரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். லா பெரெக்ரினாவை எடுத்தவருக்கு அதைச் செய்ய யாரும் இல்லை. இவர்களுக்கு நாம் இருக்கிறோம்.