எல்லைப்புற ஊர்ப்பெயர்களும் வழிபாட்டிடங்களும்

கல்வெட்டும் செப்பேடும் இல்லாத ஊருக்கும் வரலாறு உண்டு. அதை ஊரின் பெயரும் வழிபாட்டிடங்களும் காத்து வருகின்றன. ஸ்காத்லாந்து நாட்டில் 'கில்' என்று தொடங்கும் சிற்றூர்ப் பெயர்கள் பல. கேலிக் மொழியில் அது துறவியின் அறையையும், பின்னர்க் கிறித்தவக் கோயிலையும் குறித்த சொல். கட்டடம் மறைந்த இடத்திலும் பெயர் நின்று, பழைய கோயிலை நினைவூட்டுகிறது.

நம் நாட்டிலும் அத்தகைய இடங்கள் பல. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்தது பெருமாட்டி. அதன் உட்பட்ட பிளாச்சிமடை, 2002இல் நிலத்தடி நீருக்காக எழுந்த போராட்டத்தால் உலகறிந்த பெயராயிற்று. தமிழில் பெருமாட்டி என்றால் தலைவி என்பது பொருள். ஆயினும், ஒலி ஒற்றுமை ஒன்றையே கொண்டு ஊர்ப்பெயருக்குக் கதை கட்டுவது முறையன்று. சுற்றுப்புறப் பெயர்களையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

பெருமாட்டிப் பகுதியில் வண்டித்தாவளம் உண்டு; வடக்கே எல்லையில் வேலந்தாவளம் உண்டு. தாவளம் என்பது வழிப்போக்கர் தங்குமிடம். மலைத்தொடரின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்கும் மேலைக் கடற்கரைக்கும் இடையே நடந்த போக்குவரத்தை இப்பெயர்கள் இன்றும் அறிவிக்கின்றன. எருத்தேம்பதி, ஒழலப்பதி, வடகரப்பதி ஆகியவற்றின் ஈற்றில் வரும் 'பதி' மக்கள் உறையும் ஊரையும் குறிக்கும்; இறைவன் உறையும் தலத்தையும் குறிக்கும்.

'பள்ளி' என்னும் சொல்லின் பயணம் இன்னும் வியப்புக்குரியது. பழந்தமிழில் அது சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடம். இன்று தமிழில் கல்விக்கூடம். மலையாளத்திலோ கிறித்தவக் கோயிலுக்கும் மசூதிக்கும் அதுவே பெயர். பாலக்காட்டு நகரின் ஜைனிமேட்டில் பழைய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. அந்நகரத்துச் சுல்தான்பேட்டையின் பெயரால், கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து, 2013 டிசம்பர் 28 அன்று ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் நிறுவப்பெற்றது. சுல்தானின் பெயரைத் தாங்கிய பேட்டை ஆயரின் பெயரிலும் இடம்பெற்றது!

பகையின் நினைவும் இம்மண்ணில் விழாவாகக் கனிந்துள்ளது. கொங்குப் படையைப் பகவதி வென்றாள் என்னும் மரபை நினைந்து, சித்தூரில் ஆண்டுதோறும் கொங்கன்படை விழா நடைபெறுகிறது. கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சித்தூர், 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956 நவம்பர் 1இல் கேரளத்திலும் சேர்ந்தது. ஆட்சிகள் மாறின, தாவளமும் பதியும் மாறவில்லை.

ஆனால் பெயருக்கு வேறொரு வழியில் அழிவு நேரக்கூடும். மொழிபெயர்ப்புப் பணியில் நாம் நாள்தோறும் காண்பது இது: கொழிஞ்சாம்பாறை என்பதை ஆங்கில எழுத்தில் பொறித்தால், பாறை எது, பறை எது என்று விளங்குவதில்லை. டில்லியிலோ பம்பாயிலோ பிறந்த குழந்தை, தன் பாட்டனாரின் ஊரை அவ்வெழுத்தில் மட்டுமே அறிந்தால், பெயர் வெற்றொலியாகிவிடும்.

ஆதலின், வெளிமாநிலங்களில் வாழும் நாம், நம் பூர்விக ஊரின் பெயரைத் தாய்மொழியில் ஒருமுறை எழுதிக் காட்டி, அதன் பொருளையும், அங்குள்ள கோயில், பள்ளிகளின் வரலாற்றையும் மக்களுக்குச் சொல்லி வைப்போமாக. நிலம் கைவிட்டுப் போன குடும்பத்துக்கும் அப்பெயர் எஞ்சும் செல்வமாகும்.