வேட்டையிலிருந்து வேளாண்மைக்கு: எலும்புகள் சொல்லும் வரலாறு



வரலாற்றுக்கு முந்திய காலத்தைப் பற்றி மாணவர்கள் எழுதும்பொழுது, ஆதிமனிதன் காட்டுமிராண்டியாகப் பசியோடு அலைந்தான் என்றும் பின்னர் வேளாண்மையைக் கண்டுபிடித்து நாகரிகம் அடைந்தான் என்றும் எழுதுவதைப் பார்க்கிறேன். நாமும் அதற்குச் சரி என்று குறியிட்டு விடுகிறோம். ஆனால், அகழாய்வுகள் காட்டும் உண்மை இவ்வளவு எளிதானதன்று. அதனைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் கால அளவைப் பார்ப்போம். நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 300,000 ஆண்டுகள் ஆகின்றன. பயிர்த்தொழில் தொடங்கி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளே ஆகின்றன. இதனை 24 மணி நேரமாகச் சுருக்கினால், 23 மணி நேரம் மனிதன் வேட்டையாடியும் காய், கனி, கிழங்குகளைச் சேகரித்தும் வாழ்ந்திருக்கிறான். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் விதைத்து அறுத்திருக்கிறான்.

அபு ஹுரேரா என்னும் சிற்றூர்

இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் இடம் ஒன்று உண்டு. சிரியா நாட்டில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த அபு ஹுரேராவே அது. அணை கட்டப்பட்டதால் நீரில் மூழ்கவிருந்த அவ்விடத்தை ஆண்ட்ரூ மூர் தலைமையிலான குழுவினர் 1972, 1973ஆம் ஆண்டுகளில் விரைந்து அகழ்ந்தனர். இன்று அவ்விடம் ஏரிக்கடியில் உள்ளது. அகழ்ந்தெடுத்த மண்ணை அவர்கள் நீரில் கரைத்து, மிதந்து வந்த கருகிய விதைகளைச் சேகரித்தனர். பழங்கால மக்களின் உணவு இவ்வாறுதான் தெரிய வந்தது.

ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே குடியேறியவர்கள் உழவர்கள் அல்லர். குழி வெட்டிக் குடில் அமைத்து, ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் தங்கிய வேட்டுவர்கள். கூட்டமாக இடம்பெயரும் கசெல் மான்களை வேட்டையாடினர். நூற்றுக்கும் மேற்பட்ட செடிவகைகளின் விதைகளையும் கனிகளையும் உண்டனர். எச்செடி எப்பருவத்தில் எங்கே விளையும் என்பதை அறிந்திருந்தால்தான் இவ்வாறு வாழ முடியும். அது கல்வியன்றி வேறென்ன?

பின்னர், ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன்பு தட்பவெப்பம் திடீரென மாறிக் குளிரும் வறட்சியும் வந்தன. காட்டில் கிடைத்த உணவு குறைந்தது. அப்பொழுதே அவர்கள் ரை என்னும் தானியத்தை விதைக்கத் தொடங்கினர் என்று சில ஆய்வாளர்கள் கூறுவர். வேறு சிலர் அதனை ஏற்பதில்லை.

காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் மணிகள் தாமே உதிர்ந்துவிடும். உதிராமல் கதிரிலேயே நிற்கும் செடிகளும் அவற்றிடையே மிகச் சிலவாக இருக்கும். அறுப்பவர் கைக்கு உதிராத மணிகளே மிகுதியாகக் கிடைக்கும். அவையே மறு ஆண்டுக்கு விதையாகும். இவ்வாறு பல தலைமுறைகள் கழிந்த பின்னரே, மனிதன் விதைத்தாலன்றிப் பெருக இயலாத பயிர் உருவாயிற்று. ஆகவே, வேளாண்மையை ஒரு மனிதன் ஒரு நாளில் கண்டுபிடிக்கவில்லை.

எலும்பில் பதிந்த உழைப்பு

பின்னாளில் அதே இடத்தில் மண்கல் வீடுகள் நிறைந்த பெரிய ஊர் எழுந்தது. கோதுமை, வாற்கோதுமை, பருப்பு ஆகியன விளைந்தன. ஆடு வளர்ப்பு பெருகி, மான் வேட்டை குறைந்தது.

அவ்வூர் மக்களின் எலும்புகளைத் தியா மொல்லெசன் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்தார். பலருடைய கால் பெருவிரல் மூட்டுகள் தேய்ந்திருந்தன. முழங்காலிலும் இடுப்பை ஒட்டிய முதுகெலும்பிலும் சிதைவு காணப்பட்டது. இக்குறைகள் பெண்களிடமே மிகுதியாக இருந்தன. நாள்தோறும் நெடுநேரம் முழந்தாளிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றிக் கல்லில் தானியம் அரைத்ததன் விளைவே இது என்று அவர் விளக்கினார். நம் பாட்டிமார்கள் அம்மியில் மிளகாய் அரைத்ததை நாம் அறிவோம். அப்பெண்கள் அரைத்ததோ குடும்பம் முழுவதற்கும் அன்றாடம் வேண்டிய மாவு. மாவில் கலந்த கல்துகள்கள் அனைவருடைய பற்களையும் தேய்த்தன.

அப்படியானால் ஏன் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை? தானியத்தைச் சேமிக்கலாம். ஒரே நிலத்தில் பன்மடங்கு மக்கள் உண்ணலாம். மக்கள்தொகை பெருகிய பின்னர் காட்டு உணவு போதாது. திரும்பும் வழி அடைபட்டது. வேளாண்மையால்தான் நகரமும் எழுத்தும் பள்ளிக்கூடமும் தோன்றின என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக அம்மக்கள் தந்த விலையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

நம் நாட்டுச் சான்று

அந்த வேட்டுவர்களைக் ‘காட்டுமிராண்டி’ எனலாமா? இதற்கு விடை நம் பேராக் மாநிலத்திலேயே உண்டு. லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் பேராசிரியர் ஸுரைனா மஜீட் குழுவினர் கண்டெடுத்த ‘பேராக் மனிதன்’ ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவர். வேட்டையாடி வாழ்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய இடக்கை பிறவியிலேயே குறைபாடு உடையது. ஆயினும், நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்திருக்கிறார். இறந்தபின், கால்களை மடக்கிக் கிடத்தி, இறைச்சியும் கற்கருவிகளும் சிப்பிகளும் வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். குறையுள்ள ஒருவரை இவ்வளவு மதிப்போடு வழியனுப்பிய மக்களிடம் அன்பில்லை என்று எவ்வாறு சொல்வது?

இது பழங்கதை மட்டுமன்று. நம் நாட்டின் ஓராங் அஸ்லி மக்களுள் பாத்தேக் போன்ற பிரிவினர் அண்மைக்காலம் வரை வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தவர்கள். ஏட்டில் எழுதும் அந்த ஒரு சொல் அவர்கள் பிள்ளைகளையும் சுடும்.

ஆசிரியர்களே, அடுத்த முறை இப்பாடத்தை நடத்தும்பொழுது ஒரு பிடி கோதுமையையும் ஓர் அம்மியையும் வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். மாணவர்களை முழந்தாளிட்டு மாவாக்கச் சொல்லுங்கள். கால் நோகும்பொழுது அபு ஹுரேராவைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.